ஒரே பக்கத்தில் நான்கு சிவப்பு

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய மூன்றாம் அத்தியாயத்தை நேற்று இரவு ஆங்கில மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் படை ஊருக்குள் நுழையும் பக்கத்தில் நான்கு சொற்களைப் பென்சிலால் சுழித்திருக்கிறேன். வீரர்களின் கோட்டு ரெட். அதிகாரியின் கோட்டு ஸ்கார்லெட். சீமாட்டி வீட்டுத் திரைச்சீலை கிரிம்சன். கடிதத்தின் முத்திரை வெர்மிலியன். நீ சிவப்பு, கருஞ்சிவப்பு, அடர்சிவப்பு, செந்தூரச் சிவப்பு என்று எழுதியிருக்கிறாய். அகராதிப்படி குறை சொல்ல முடியாது. ஆனால் மூலத்தில் நான்கு பொருள்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. உன் தமிழில் ஒரே சாயத்தைக் கூட்டியும் குறைத்தும் பூசியதுபோல இருக்கிறது.

நிறத்தின் பெயரைப் பார்த்ததும் அது எவ்வளவு அடர்த்தி என்று கேட்காதே. எதிலிருந்து வந்தது, யார் கைக்கு எட்டியது என்று கேள். நான் இதைக் கற்றுக்கொள்ளப் பல வருடம் ஆயிற்று.

ரெட் என்ற சொல்லில் சிக்கல் குறைவு. ஜெர்மானிய ரோட், பிரெஞ்சு ரூழ், லித்துவேனிய ரௌதோனாஸ் எல்லாம் அதன் உடன்பிறப்புகள். சமஸ்கிருத ருதிரமும் அந்தக் குடும்பம்தான். அதுவே தமிழுக்கு வந்து உதிரம் ஆனது. நாம் ரத்தத்துக்குச் சொல்லும் சொல் அவர்களுக்கு நிறத்தின் பெயர்.

கிரிம்சனின் கதை வேறு. மத்தியதரைக் கடலோரத்தில் கெர்மெஸ் ஓக் என்று ஒரு குட்டை மரம் உண்டு. அதன் கிளைகளில் ஒரு செதில் பூச்சியின் பெண், நகராமல் உருண்டையாக ஒட்டிக்கொண்டு வாழும். அதைச் சுரண்டி எடுத்து, உலர்த்தி, கம்பளிக்கும் பட்டுக்கும் சாயமேற்றினார்கள். பாரசீகத்தில் கிர்ம் என்றால் புழு. நாம் சொல்லும் கிருமிக்கு அது அக்காள் தங்கை முறை. அரபு மொழி அந்தச் சாயத்தைக் கிர்மிஸ் என்றது. அங்கிருந்து ஸ்பானியரின் கார்மெசி, இத்தாலியரின் கிரெமிஸி, ஆங்கிலேயரின் கிரிம்சன் எல்லாம் கிளம்பின. கார்மைன் என்ற சொல்லிலும் இதே கிர்மிஸ்தான் இருக்கிறது.

கிரேக்கர்களுக்கு அது விதையாகத் தெரிந்தது. கிளையில் பட்டாணிபோல ஒட்டியிருந்தால் வேறென்ன நினைப்பார்கள்! விதைக்கு அவர்கள் சொல் கொக்கோஸ். இன்றும் கிரேக்கத்தில் சிவப்பு கொக்கினோஸ். லத்தீன் வழியாக இதே சொல் வேல்ஸ் மொழியில் கோஹ் என்றும் அல்பேனிய மொழியில் குச் என்றும் சிவப்பின் சாதாரணப் பெயராகிவிட்டது.

நம் மொழிபெயர்ப்புத் தொழிலின் காவலராகப் போற்றப்படும் புனித ஜெரோமுக்கும் விதையா புழுவா என்ற இந்தக் கேள்வி எதிர்ப்பட்டது. எபிரேய விவிலியத்தில் அந்தச் செஞ்சாயத்தின் பெயரிலேயே புழு இருக்கிறது. அவர் பெரும்பாலும் விதை என்ற லத்தீன் சொல்லையே போட்டார். சில இடங்களில் மட்டும் வெர்மிகுலஸ், சின்னப் புழு, என்று எழுதினார். போர்ச்சுகீசியர் சிவப்பை வெர்மேல்யு என்பதும் கத்தலானியர் வெர்மெல் என்பதும் அந்தச் சின்னப் புழுவிலிருந்துதான்.

போலந்துக்காரர்களுக்கு வேறொரு பூச்சி. அது ஒரு சிறு செடியின் வேரில் இருந்தது. ஜூன் 24, புனித யோவான் திருநாளை ஒட்டிச் செடியைப் பறித்து, வேரிலிருந்து பூச்சிகளைப் பொறுக்குவார்கள். அந்தச் சாயத்துக்கு யோவானின் ரத்தம் என்றே பெயர். போலிஷ் மொழியில் பூச்சி செர்வியெட்ஸ், ஜூன் மாதமும் செர்வியெட்ஸ், சிவப்பு செர்வோனி. ஒரு ஜனம் தன் நாள்காட்டியிலேயே ஒரு பூச்சியை வைத்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

1521இல் ஸ்பானியர் மெக்சிகோவைப் பிடித்த பிறகு, அங்கே கள்ளியில் வளர்ந்த கொச்சினீல் பூச்சி ஐரோப்பாவுக்கு வந்தது. அந்த நாட்டிலிருந்து கப்பலேறிய சரக்கில் வெள்ளிக்கு அடுத்த மதிப்பு அதற்குத்தான். பழைய இரண்டு பூச்சிகளின் வியாபாரமும் படுத்துவிட்டது. ஒரு சாயக்காரர் என் உள்ளங்கையில் நாலைந்து கொச்சினீல் வைத்துக் காட்டியிருக்கிறார். மிளகைவிடச் சிறியது, மேலே சாம்பல் பூத்திருந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்தேன். ரேகையெல்லாம் மாதுளைச்சாறு ஓடியது. அவர் எலுமிச்சை ஒரு சொட்டு விட்டார், ஆரஞ்சுக்குத் திரும்பியது. சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டார், கத்திரிப்பூ நிறத்துக்குப் போனது. கிரிம்சனும் ஸ்கார்லெட்டும் எங்கே பிரிகின்றன என்று அன்றுதான் புரிந்தது. கிரிம்சன் நீலத்தின் பக்கம் சாய்ந்த சிவப்பு, ஸ்கார்லெட் மஞ்சளின் பக்கம் சாய்ந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ட்ரெப்பல் என்ற டச்சுக்காரர் இந்தச் சாயத்தோடு வெள்ளீயக் கரைசலைச் சேர்த்தார். கண்ணைப் பறிக்கும் ஸ்கார்லெட் அப்படித்தான் கிடைத்தது.

ஆனால் ஸ்கார்லெட் முதலில் நிறமே இல்லை. இடைக்கால ஐரோப்பாவில் அது உயர்ந்த கம்பளித் துணியின் பெயர். நீல ஸ்கார்லெட்டும் இருந்தது. விலையுயர்ந்த துணிக்கு விலையுயர்ந்த சாயம் என்பதால் சிவப்பு அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டது. இப்போது உன் பக்கத்துக்கு வா. ஆங்கிலப் படையில் சாதாரண வீரனின் கோட்டு மஞ்சிட்டி வகை வேரில் தோய்த்தது. அதிகாரியின் கோட்டு கொச்சினீலில் தோய்த்தது. ஆசிரியர் ஒருவனை ரெட் என்றும் மற்றவனை ஸ்கார்லெட் என்றும் சொன்னால், அவர் சம்பளத்தையும் சாதியையும் சொல்கிறார். கருஞ்சிவப்பு என்ற உன் சொல்லில் அது விழுந்துவிட்டது.

நான் இதைவிட மோசமாகத் தவறியிருக்கிறேன். ஒரு பிரெஞ்சு நாவலின் விருந்துக் காட்சியில் வெர்மெய் கரண்டிகள் வந்தன. வெர்மிகுலஸ் குடும்பத்துச் சொல், சிவப்புதானே என்று "சிவப்புக் கரண்டி" என்று எழுதினேன். அச்சாகியும் விட்டது. வெர்மெய் என்றால் பொன்முலாம் பூசிய வெள்ளி. அந்த வீட்டின் செல்வத்தைக் காட்ட ஆசிரியர் வைத்த ஒரே பொருளை நான் பிளாஸ்டிக் ஆக்கிவிட்டேன். வேர் தெரிந்தால் மட்டும் போதாது, அந்த ஊரில், அந்த மேசையில் அந்தச் சொல் எதைத் தொடுகிறது என்றும் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்தை இன்றும் என்னால் திறக்க முடியவில்லை.

சில நேரம் தமிழே கைகொடுக்கும். ரஷ்ய மொழியில் கிராஸ்னி என்பதற்கு முதலில் அழகு என்று பொருள், சிவப்பு பின்னால் வந்தது. மாஸ்கோ சதுக்கத்துக்குப் பெயர் வைத்தவர்கள் அழகைத்தான் நினைத்தார்கள். நாம் செஞ்சதுக்கம் என்கிறோம். செந்தமிழிலும் செம்பொருளிலும் இருக்கும் அதே செம். யார் முதலில் அப்படி எழுதினாரோ, அவருக்கு என் வணக்கம்.

முத்திரைக்கு வருகிறேன். வெர்மிலியனும் சின்னப் புழுவின் பெயர்தான். ஆனால் அது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த ஒரு தூளுக்கு இடம் மாறிவிட்டது. முத்திரை மெழுகில் அந்தத் தூளையும் நம் நாட்டு அரக்கையும் கலந்தார்கள். அரக்கும் ஒரு பூச்சி தருவதே. ஆகவே "அரக்கு முத்திரை" என்று எழுது, செந்தூரம் வேண்டாம். தபால் நிலையத்தில் அரக்கு வைத்ததைப் பார்த்த யாருக்கும் நிறம் தானாகத் தெரியும். திரைச்சீலைக்கும் அரக்கு நிறம் பொருந்தும், புடவைக் கடையில் கேட்டால் எடுத்துப் போடுவார்கள். ஆனால் ஒரே பக்கத்தில் இரண்டு முறை வந்தால் மங்கிவிடும், அங்கே மாதுளை முத்தின் நிறத்தை முயன்று பார். வீரர்களுக்கு வெறும் சிவப்பே இருக்கட்டும், வெயிலில் வெளுத்ததாகக்கூடச் சொல்லாதே, ஆசிரியர் சொல்லவில்லை.

அதிகாரிக்குத்தான் எனக்கும் சரியான சொல் அகப்படவில்லை. குன்றிமணிச் சிவப்பு என்று ஓரத்தில் குறித்திருக்கிறேன். நிறம் சரி, ஆனால் அதில் துணியின் விலை இல்லை. அவன் குதிரையிலிருந்து இறங்கும் அந்த வரியை மட்டும் இரண்டு மூன்று விதமாக எழுதி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன், சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்