ஐந்தரையை 5.30 என்று எழுதாதீர்கள்

இலங்கை நேரம் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால். பஸ் அட்டவணையில் அதை 5.30 என்று எழுதலாம். நிரலில் எழுதினால் அது ஐந்து மணி பதினெட்டு நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தால் எங்கள் அணி இறுதியாண்டுச் செயற்றிட்டத்தில் புள்ளி இழந்தது. எழுதியவர்கள் நாங்கள் அல்ல, முந்திய அணி. "ஓடுற புரோகிராமில கை வைக்காதேங்கோ" என்று சொல்லித்தான் தந்தார்கள்.

வேலை, திருகோணமலைத் துறைமுகத்தின் வற்றுப்பெருக்கைக் கணிப்பது. சந்திரனால் வரும் முதன்மைக் கூறு மணிக்கு 28.984 பாகை நகரும். ஒரு சுற்றுக்கு 12 மணி 25 நிமிடம். சூரியக் கூறும் மற்றவையும் சேர்ந்தால் சில கோசைன்களின் கூட்டுத்தொகை, அவ்வளவுதான். கூறுகளின் கட்டக்கோணங்கள் கிரீன்விச் நேரத்துக்கு உரியவை, நீர்மட்டப் பதிவுகள் உள்ளூர் நேரத்தில். நடுவே உட்கார்ந்திருந்தது அந்த 5.30.

எங்கள் துறைமுகம் ஆழமானது, ஆனால் வற்றுப்பெருக்கு சிறியது. கூடிய நாளிலும் நீர் ஏறி இறங்குவது அரை மீற்றர் அளவுதான். பன்னிரண்டு நிமிடம் பிசகினால் உயரத்தில் ஓரிரு சென்ரிமீற்றர் வித்தியாசம் வரும், வரைபில் கண்ணுக்கே படாது. உயர்நீர் நேரம் மட்டும் எப்போதும் முந்திக்கொண்டு வந்தது.

மேற்பார்வையாளர் பார்த்த உடனே "மிதவைப்புள்ளி வழு" என்று தீர்ப்புச் சொன்னார். ஆதாரமாக டஹ்ரான் கதை. 1991 பெப்ரவரி 25 அன்று, 0.1 வினாடியை 24 பிட்டுக்குள் வெட்டிச் சேமித்த பேட்ரியட் ஏவுகணைத் தடுப்புத் தொகுதியின் கடிகாரம், 100 மணி நேரம் ஓடியதில் 0.34 வினாடி பிசகியது. வந்த ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். கதை உண்மை, எங்கள் நோய் வேறு. அந்த வழு ஓட ஓட வளரும். எங்களது முதல் வாரத்திலும் கடைசி வாரத்திலும் ஒரே அளவு. சொன்னேன், எடுபடவில்லை. மாறிகளையெல்லாம் இரட்டைத் துல்லியத்துக்கு மாற்றினோம், நேர இடைவெளியைக் குறைத்தோம், பிசகு அசையவில்லை.

உங்களுக்கும் இப்படி ஒருவர் இருப்பார். ஆகவே அவரிடம் போகுமுன் வழுவை நேரத்துக்கு எதிராக வரைந்து வையுங்கள். வளர்ந்தால் தசமத்தையோ நேர இடைவெளியையோ சந்தேகப்படலாம். நகராமல் நின்றால் மாறிலிகளையும் அலகுகளையும் பாருங்கள். நாங்கள் கடைசியில் செய்தது, கணித்த கோட்டைப் பதிவின் மேல் நிமிடம் நிமிடமாக நகர்த்தியது; பன்னிரண்டில் பொருந்தியது. உச்சியில் ஒப்பிடாதீர்கள், அங்கே கோடு தட்டை. நீர் வேகமாக ஏறும் நடுப்பகுதியில்தான் நேரப் பிசகு தெளிவாகத் தெரியும்.

மற்றத் தவறுகள் எல்லோருக்கும் வருபவை. கோசைனுக்குப் பாகையைக் கொடுக்காதீர்கள், அது ஆரையன் கேட்கும். சி மொழியில் 1/2 பூச்சியம். பைதனில் வரிசை எண் பூச்சியத்தில் தொடங்கும், மட்லாபில் ஒன்றில். 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டி 0.3க்குச் சமமா என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். வித்தியாசம் போதிய அளவு சிறிதா என்று கேளுங்கள். இவற்றை ஒரு மாலையில் பழகிவிடலாம்.

பழைய பதிவுகளை எடுப்பவர்களுக்கு இன்னொன்று. 1996 மே 25 முதல் ஒக்டோபர் 26 வரை இலங்கையின் அரச நேரம் கிரீன்விச்சுக்கு ஆறரை மணி முன்னால் இருந்தது. அதிலிருந்து 2006 ஏப்ரல் 15 வரை ஆறு மணி. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது. அந்தக் காலப் பதிவானால் எந்தக் கரையில், யாருடைய மணிக்கூட்டைப் பார்த்து எழுதியது என்று விசாரித்துவிட்டு எண்ணைப் போடுங்கள்.