நேர்காணல் முடிந்த மாலையில் எழுதும் மெயில்

ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போதெல்லாம் நேர்காணல் குழுவில் நானும் இருப்பேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் எழுந்து, "தேங்க்யூ மேடம்" சொல்லிக் கதவைச் சாத்துவதோடு சரி. அன்று மாலையோ மறுநாளோ நன்றி தெரிவித்து மெயில் எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. அமெரிக்காவில் அது எதிர்பார்க்கப்படும் மரியாதை. நம் ஊரில் எழுதாவிட்டால் யாரும் குறையாக நினைப்பதில்லை. அதனாலேயே எழுதி வருகிற மெயிலை நான் நிதானமாகப் படிக்கிறேன்.

அந்த மெயில் வேலை வாங்கித் தரும் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் வெளியே போனதும் நாங்கள் ஒரு படிவத்தை நிரப்புகிறோம். தொழில் அறிவு, பேச்சு, அனுபவம் என்று தனித்தனியாக மதிப்பெண், கீழே ஒரு குறிப்பு. அது எச்.ஆர். கைக்குப் போய்விடும். சில நாள் கழித்து உட்கார்ந்து யாரை எடுப்பது என்று பேசுவோம். மெயில் வந்து சேர்வது இந்த இடைவெளியில்தான். மதிப்பெண்ணை அது மாற்றாது. ஆனால் ஒரே நாளில் பலரைப் பார்த்த பிறகு, யார் எதைச் சொன்னார் என்பது எங்களுக்குள் குழம்பிப்போயிருக்கும். அப்போது ஒரு முகம் தெளிவாக நினைவில் நிற்க அது உதவும்.

ஓர் உதாரணம். டை காஸ்டிங் முறையில், அதாவது உருக்கிய உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்யும் பாகங்களைச் சோதிக்கும் வேலைக்கு வந்த ஒரு இளைஞரிடம், அறுத்த துண்டில் துளை தெரிந்தால் அது ஏன் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். பாதி சொன்னார், பிறகு தடுமாறி நின்றுவிட்டார். மறுநாள் காலை அவரிடமிருந்து மெயில் வந்தது. நன்றி ஒரு வரி. அடுத்து, "நேற்று நீங்கள் கேட்டதை என் ஃபோர்மேனிடம் கேட்டேன். காற்று மாட்டி வந்த துளை உருண்டையாகவும் உள்சுவர் வழவழப்பாகவும் இருக்கும், உலோகம் இறுகும்போது சுருங்கி வந்த துளை கோணல்மாணலாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும் என்று துண்டுகளை வைத்தே காட்டினார்" என்று எழுதியிருந்தார். விடை எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். தெரியாத கேள்வியை அவர் வீட்டுக்கு எடுத்துப்போனதும், யாரிடம் கேட்டார் என்பதை மறைக்காமல் எழுதியதும்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. இரண்டாம் சுற்றில் பேச்சை அந்தத் துளையிலிருந்தே ஆரம்பித்தோம்.

நன்றி மெயிலின் உயிர் இதில்தான் இருக்கிறது: அந்த அறையில் நடந்த ஏதோ ஒரு பேச்சு அதில் இருக்க வேண்டும். வேறு எந்தக் கம்பெனிக்கும் அனுப்ப முடியாதபடி ஒரு வரியாவது வேண்டும். "உங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கியதற்கு நன்றி, உங்கள் நிறுவனத்தின் தொலைநோக்கு என்னை ஈர்த்தது" என்கிற வகை மெயில்கள் இப்போது சாட்ஜிபிடி உபயத்தில் நிறைய வருகின்றன. அவற்றில் இலக்கணப் பிழை இருக்காது, அனுப்பியவரும் இருக்க மாட்டார். பிழையோடு இருந்தாலும் உங்கள் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். எழுத்துப்பிழையை மட்டும் ஒரு நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எழுத விஷயம் வேண்டுமே? விசிட்டர் பாஸைக் கேட்டில் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நிற்கும்போதே செல்போனில் குறித்துக்கொள்ளுங்கள்: யார் என்ன கேட்டார், எதற்கு நன்றாகச் சொன்னோம், எதில் திணறினோம், அவர்கள் தங்கள் வேலையைப் பற்றி என்ன சொன்னார்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் பாதி போய்விடும்.

மெயில் முகவரி தெரியவில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நேர்காணலுக்கு வந்த காலண்டர் அழைப்பைத் திறந்து பாருங்கள், குழுவில் இருந்தவர்களின் முகவரிகள் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். இல்லையென்றால் அழைத்த எச்.ஆர். பணியாளருக்கே எழுதி, குழுவினருக்கும் தெரிவிக்கக் கேளுங்கள். அவருக்கும் சேர்த்து நன்றி சொல்லுங்கள். உங்களுக்காக நான்கு பேருடைய நேரத்தை ஒன்றுசேர்த்தவர் அவர், அவருக்கு நன்றி சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. குழுவில் மூன்று பேர் இருந்தால் மூவருக்கும் ஒரே மெயிலைப் பெயர் மாற்றி அனுப்ப வேண்டாம். நாங்கள் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்காருகிறவர்கள். அவரவர் கேட்டதை வைத்து ஒரு வரி மாறினால் போதும்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. மெயிலில் இனிஷியல் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால்தான் வரும். "கார்த்திகேயன் எஸ்" என்றிருப்பதைப் பார்த்துக் குடும்பப் பெயர் என்று நினைத்து "டியர் மிஸ்டர் எஸ்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. கார்த்திகேயன் என்றே எழுதுங்கள். பெண்களுக்கு மிஸ், மிஸஸ் என்று ஊகிக்க வேண்டாம். "ரெஸ்பெக்டட் சர்/மேடம்" என்று சாய்கோடு போட்டு எழுதினால் யாருக்கு எழுதுகிறோம் என்றே தெரியாமல் எழுதியது போல இருக்கும்.

சம்பளம், நோட்டீஸ் காலம், கேப் வசதி இதெல்லாம் இந்த மெயிலில் வேண்டாம். தனியாகக் கேட்க எச்.ஆர். இருக்கிறார். குடும்பக் கஷ்டத்தையும் எழுத வேண்டாம். அது உண்மை என்று தெரிந்தே படிப்போம், ஆனால் அதை வைத்து மதிப்பெண் போட எங்களால் முடியாது, உங்களுக்கும் எங்களுக்கும் மனம்தான் கனக்கும்.

கோவையில் பம்ப் பட்டறை, திருப்பூரில் பனியன் கம்பெனி மாதிரி முதலாளியே நேரில் பேசி ஆள் எடுக்கிற இடங்களில் மெயிலை எதிர்பார்க்க மாட்டார்கள். "வணக்கம் சார், இன்று என்னைச் சந்தித்துப் பேசியதற்கு நன்றி. மோட்டார் டெஸ்டிங்கில் நீங்கள் சொன்ன வேலைமுறை பிடித்திருந்தது. வாய்ப்புக் கொடுத்தால் கற்றுக்கொண்டு செய்வேன்" என்று வாட்ஸ்அப்பில் தமிழிலேயே அனுப்பலாம். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், பட்டறைச் சத்தத்தில் அவருக்குக் கேட்காது.

அரசு வேலை, பொதுத்துறை வங்கி வேலை என்றால் கதையே வேறு. எந்த வடிவில் ஆதரவு தேடினாலும் தகுதிநீக்கம் என்று அவற்றின் அறிவிக்கைகளிலேயே போட்டிருப்பார்கள். நேர்காணல் நடத்திய உறுப்பினரின் முகவரியைத் தேடிப் பிடித்து நன்றி எழுதினால், நல்லெண்ணத்தில் எழுதியிருந்தாலும் வேறு அர்த்தம் வந்துவிடும். அங்கே அறையை விட்டு வரும்போது சொல்கிற நன்றியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேர்வாகவில்லை என்ற செய்தி வந்த பிறகும் ஒரு மெயில் எழுதலாம், எழுத வேண்டும் என்றே சொல்வேன். தேர்வானவர் 60 நாள், 90 நாள் நோட்டீஸ் முடித்து வருவதற்குள் வேறு இடத்தில் சேர்ந்துவிடுவது எங்கள் பகுதியில் சாதாரணம். அப்போது எச்.ஆர். எங்களிடம்தான் வந்து, "அடுத்து யாரைக் கூப்பிடலாம்?" என்று கேட்பார். கசப்பில்லாமல் எழுதியவர் இன்னும் வர விருப்பமாக இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். அந்த மெயிலில், தொழில் கேள்வி கேட்டவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நான் இன்னும் எதைப் படிக்க வேண்டும்? ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால் பதில் சொல்ல எங்களுக்கு அனுமதி இருக்காது. எதைப் படிக்கலாம் என்று கேட்டவர்களுக்கு நான் உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறேன்.