லாச்சிக் காசும் கைக்கடிகாரமும்

எங்கள் கடையில் பதினொரு வருடமாக வேலை செய்யும் தம்பி ஒருவர், 2024ஆம் ஆண்டு ஒரு நாள் காலையில் சுவிஸ் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். அன்று பகல் பக்கத்துக் கடை ஹாஜியார் என்னைத் தனியாக அழைத்து, "நாநா, லாச்சிய ஒருக்கா எண்ணிப் பாருங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மணிக்கூட்டின் கதை எனக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கும் மேற்பட்ட கதை அது. ஒவ்வொரு ரூபாவும் எங்கிருந்து வந்தது என்று தம்பியால் சொல்ல முடியும். ஹாஜியாரின் கையில் மின்னிய மணிக்கூடு எந்தக் காசில் வாங்கியது என்று கேட்டிருந்தால் அவரால் உடனே சொல்லியிருக்க முடியாது. ஒரு காலத்தில் என்னிடம் கேட்டிருந்தாலும் அதே நிலைமைதான்.

நாளொன்றுக்கு இலட்சக்கணக்கில் காசு புரளும் முதலாளிக்கு இல்லாத ஒரு வசதி மாதச் சம்பளக்காரருக்கு இருக்கிறது. தன்னுடைய காசு எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். நமக்கு அது தெரிவதில்லை. இவ்வாரம் இதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

முதலில் தம்பியின் கணக்கைப் பார்ப்போம். 2021 ஜனவரியில் அவர் மனதில் வைத்த மணிக்கூட்டின் விலை வெளிநாட்டில் 800 டொலர் அளவில் இருந்தது. கத்தாரில் இருக்கும் மச்சான் விடுமுறையில் வரும்போது வாங்கி வருவதாக ஏற்பாடு. அப்போது டொலர் 200 ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. கணக்குக்கு 200 என்றே வைத்து, 1,60,000 ரூபா தேவை என்று முடிவு செய்தார். சம்பளத்தில் அவர் கை வைக்கவில்லை. அது வீட்டுக்கு. கடை மூடிய பிறகு இரவில் இரண்டு மணித்தியாலம் ஓட்டோ ஓட்டுவார். பெற்றோல் செலவும் வண்டியின் பழுதுபார்ப்பும் போக மிஞ்சுவதைக் கொண்டு, 16 பேர் சேர்ந்து மாதம் 10,000 ரூபா கட்டும் சீட்டு ஒன்றில் சேர்ந்தார். சேரும்போதே, "எனக்குக் கடைசிச் சீட்டைத் தாங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

எல்லோரும் முதல் சீட்டுக்கு அடித்துக்கொள்ளும்போது இவர் ஏன் கடைசியைக் கேட்டார்? முதல் சீட்டை எடுப்பவர் உண்மையில் கடன் வாங்குகிறார். 15 மாதம் அந்தக் கடனை அடைக்கிறார். கடைசிச் சீட்டை எடுப்பவர் மற்றவர்களுக்குக் கடன் கொடுத்துத் தனக்குச் சேமிக்கிறார். மகளின் கலியாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ முதல் சீட்டை எடுப்பதில் பிழையில்லை. கைக்கடிகாரம் அவசரமான சாமான் அல்ல. அதற்குக் கடைசிச் சீட்டே பொருத்தம் என்பது தம்பியின் நியாயம். (ஏலம் கூறிக் கழித்தெடுக்கும் சீட்டை நான் இங்கே பேசவில்லை. அது காசைக் குறைத்து வாங்கிக் கூட்டிக் கட்டும் வேலை. அதன் மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

2022 ஏப்ரலில் அவருடைய சீட்டு வந்தது. 1,60,000 ரூபாவும் குறையாமல் கைக்கு வந்தது. ஆனால் மார்ச் மாதம் ரூபா சரியத் தொடங்கி, ஏப்ரல் நடுப்பகுதிக்குள் டொலர் 320 ரூபாவைத் தாண்டியிருந்தது. அதே 800 டொலர் மணிக்கூட்டுக்கு இப்போது 2,60,000 ரூபா வேண்டும். பதினாறு மாதம் இரவில் ஓட்டோ ஓட்டியவருக்கு ஒரு இலட்சம் குறைந்தது.

கடைசிச் சீட்டின் பலவீனமும் இதுதான். ரூபாவில் சேமித்து டொலர் விலைப் பொருளை வாங்கக் காத்திருப்பவர், தன்னை அறியாமலே நாணய மாற்று வியாபாரம் செய்கிறார். வெளிநாட்டிலிருந்து சட்டப்படி காசு வருபவர்கள் அதை வங்கியில் வெளிநாட்டு நாணயக் கணக்கில் வைத்துச் சேர்க்கலாம். மற்றவர்கள் சிலர் தங்க நாணயமாக வாங்கி வைப்பதுண்டு. நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வராது என்பதை மட்டும் மறக்கக்கூடாது. தம்பிக்கு இவை எதுவும் அன்று கைகூடவில்லை.

"முதலாளி, குறையிற ஒரு லட்சத்த சம்பளத்துல கழிக்கிற மாதிரி தாங்களேன்" என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. அவ்வருடம் நடுப்பகுதியில் ஓட்டோ ஓடுவதைவிடப் பெற்றோல் வரிசையில் நின்ற நேரமே கூடுதல். மணிக்கூட்டுக்கென்று வைத்த காசில் 90,000 ரூபா அரிசிக்கும் பால்மாவுக்கும் போய்விட்டது. மீதி 70,000. சிலர், முதல் சீட்டையே எடுத்து 2021இல் வாங்கியிருந்தால் 1,60,000 ரூபாவோடு முடிந்திருக்குமே என்று அவரைக் கேலி செய்தார்கள். விலையை மட்டும் பார்த்தால் அது சரி. ஆனால் வரிசையில் நின்ற மாதங்களில் அவர் கையில் மணிக்கூடு இருந்திருக்கும், வீட்டில் காசு இருந்திருக்காது. அவசரத்தில் விற்கப்போனால் அந்தக் காலத்தில் யார் நியாய விலை கொடுத்திருப்பார்?

2023 ஜனவரியில் மீண்டும் தொடங்கினார். இம்முறை 17 பேர் சீட்டு, அதே 10,000 ரூபா, அதே கடைசி இடம். 2024 மே மாதம் 1,70,000 ரூபா வந்தது. பழைய 70,000ஐயும் சேர்த்து 2,40,000. டொலர் 300 ரூபா அளவுக்கு இறங்கியிருந்தபடியால் கணக்கு நேராயிற்று.

இனி என்னுடைய கதை. 1996 டிசம்பரில் நோன்புக் காலச் சரக்குக் கொள்வனவுக்காக டுபாய் போயிருந்தேன். அடுத்த மாதம் நோன்பு தொடங்க இருந்தது. கையில் சரக்குக் காசு இருந்தது. கடைக் கண்ணாடிக்குள் ஒமேகா ஒன்று இருந்தது. 1,500 டொலர். அன்றைய கணக்கில் 85,000 ரூபா வரும். ஒரு மாதத்தில் இலட்சக்கணக்கில் விற்கப்போகும் எனக்கு இது ஒரு காசா என்று நினைத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நோன்பின் முதல் வாரத்தில், மொத்த வியாபாரி ஒருவருக்கு நான் கொடுத்திருந்த பின்திகதியிட்ட காசோலை திரும்பியது. குறைந்தது 60,000 ரூபாதான். அதை மூன்றாம் நாளே கட்டிவிட்டேன். ஆனால் செக் திரும்பிய செய்தி எனக்கு முன்னரே தெருவில் நடந்து போய்விட்டது. அதற்குப் பிறகு எனக்குக் கடனுக்குச் சரக்குத் தர இரண்டு பேர் தயங்கினார்கள். பெருநாளைக்கு முந்திய பத்து நாட்கள், புடவைக் கடைக்காரருக்கு வருடத்தின் பாதி என்று சொல்லலாம். அந்தப் பத்து நாளும் ராக்கைகளில் பாதி வெறுமையாகக் கிடந்தது. வாடிக்கையாளர் வந்து பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். பெருநாள் முடிந்ததும் அந்த ஒமேகாவை 55,000 ரூபாவுக்கு விற்றேன். 30,000 ரூபா நட்டம் என்று அன்று எழுதிவைத்தேன். வெறும் ராக்கையால் போன வியாபாரத்தை எழுதிவைக்கக் கொப்பியில் இடமில்லை.

எங்கே பிழைத்தேன்? 85,000 ரூபா என்னிடம் இருந்தது உண்மை. அது என்னுடையதாக இருக்கவில்லை. லாச்சியில் உள்ள காசில் பெரும்பகுதி சரக்குத் தந்தவருடையது, கடை உரிமையாளருடையது, வேலையாட்களுடையது, அடுத்த சரக்குடையது. நம்முடையது கடைசியில் மிஞ்சும் சிறு துண்டு.

ஓர் உதாரணக் கணக்கு. மாதம் 15 இலட்சம் விற்கும் கடை. அசல் போக 18 வீதம் நின்றால் 2,70,000. வாடகை, சம்பளம், மின்சாரம், போக்குவரத்து என்று 1,50,000 போக 1,20,000. வீட்டுச் செலவு 80,000. மீதி 40,000. இதில் கடைக்கு முதல் கூட்ட வேண்டும், ஸகாத்துக்கு ஒதுக்க வேண்டும், கடன் வாங்கிப் போனவர் தராமல் விடுவதற்கும் ஏதாவது வைக்க வேண்டும். மணிக்கூட்டுக்கு மாதம் 10,000 எடுத்தால் அதுவே தாராளம். 15 இலட்சம் விற்கும் முதலாளியும், இரவில் ஓட்டோ ஓட்டும் தம்பியும் மாதம் ஒதுக்கக்கூடிய தொகை ஒன்றேதான்! 2,40,000 ரூபா மணிக்கூட்டுக்கு முதலாளியும் 24 மாதம் காத்திருக்க வேண்டும். நாம் காத்திருப்பதில்லை. 15 இலட்சத்தைப் பார்த்துக்கொண்டு வாங்கிவிடுகிறோம்.

இன்னொரு பொறி இதைவிட மோசமானது. 2022இல் பலர் விழுந்தது இதில்தான். டொலர் 200 ஆக இருந்தபோது 10 இலட்சத்துக்கு வாங்கிய இறக்குமதித் துணியை, விலை ஏறியபின் 15 இலட்சத்துக்கு விற்றோம். ஐந்து இலட்சம் இலாபம்! லாச்சி நிறைந்தது, முகம் மலர்ந்தது. சிலர் கைக்கடிகாரம் வாங்கினார்கள், சிலர் வீட்டுக்கு மேல்மாடி போட்டார்கள். அவ்வருடம் மே மாதம் டொலர் 360 வரை போனது. அதே துணியை மீண்டும் எடுக்க 18 இலட்சம் தேவைப்பட்டது. அப்படியானால் அந்த ஐந்து இலட்சம் இலாபமா? அதை முழுவதும் கடையில் விட்டிருந்தாலும் சரக்கு மூன்று இலட்சத்தால் குறைந்திருக்கும். விலை ஏறும் காலத்தில் வரும் இலாபத்தின் முதல் உரிமைக்காரர் அடுத்த சரக்குதான். அந்தக் காசில் மணிக்கூடு வாங்கியவர், துணி உருளையைத்தான் கையில் கட்டிக்கொண்டு திரிந்தார்.

இதற்கு நான் பின்னாளில் கைக்கொண்ட வழி மிகச் சாதாரணமானது. கடையிலிருந்து எனக்கு ஒரு சம்பளம். மாதத்தின் முதலாம் திகதி எடுப்பேன், கொப்பியில் எழுதுவேன். இடையில் லாச்சியில் கை வைக்கமாட்டேன். பாணுக்கும் சரி, பேரப்பிள்ளையின் ஐஸ்கிறீமுக்கும் சரி. (ஐஸ்கிறீம் விடயத்தில் சில தடவை தோற்றிருக்கிறேன்.) ஆசைப்பட்ட சாமான் எதுவானாலும் அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத்தான். அந்தக் காசு கடைக் கணக்கு இல்லாத வேறொரு வங்கியில் கிடக்கிறது. ஒரே வங்கியில் வைத்தால் காசோலை நெருக்கும் நாளில் கை அங்கே போய்விடும்.

மணிக்கூட்டின் விலை வாங்கும் நாளோடு முடிவதில்லை என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். பற்றரி இல்லாமல் சுருள்வில்லில் ஓடும் சுவிஸ் மணிக்கூடுகளைச் சில வருடங்களுக்கு ஒருமுறை கழற்றி, எண்ணெய் மாற்றி, சர்விஸ் செய்ய வேண்டும். ரோலெக்ஸ் தன்னுடையதற்குச் சுமார் பத்து வருடம் என்று சொல்கிறது. பலவற்றுக்கு அதைவிடக் குறைவு. அதன் செலவைக் கேட்டறியாமல் வாங்குவது, டயர் விலை கேட்காமல் லொறி வாங்குவது போன்றது. நேரம் பார்ப்பதற்கென்றால் இவ்வளவும் தேவையில்லை. 1969 டிசம்பரில் ஜப்பானின் செய்கோ முதல் குவாட்ஸ் கைக்கடிகாரத்தை 4,50,000 யென்னுக்கு விற்றது. அன்று அது ஒரு சிறிய கார் வாங்கும் காசு. இன்று புறக்கோட்டை நடைபாதையில் கிடைக்கும் மலிவான குவாட்ஸ்கூட, சான்றிதழ் பெற்ற சுவிஸ் சுருள்வில் மணிக்கூட்டைவிடத் திருத்தமாக நேரம் காட்டக்கூடும். ஆகவே நாம் கொடுப்பது நேரத்துக்கான விலை அல்ல. அழகுக்கும், வேலைப்பாட்டுக்கும், பெயருக்கும் கொடுக்கிறோம். கொடுப்பதில் தவறில்லை, தெரிந்து கொடுத்தால்.

"முதலீடுதானே" என்று சொல்லி விற்பவர்களை நம்பிவிடாதீர்கள். சில ரோலெக்ஸ் வகைகளின் பழைய மணிக்கூட்டு விலை 2022 ஆரம்பத்தில் உச்சிக்குப் போய், அதன் பின் நன்றாக இறங்கியது. மற்றப் பெரும்பாலான மணிக்கூடுகள் கடைவாசலைத் தாண்டியதுமே விலை குறைபவை. பெட்டியும் உத்தரவாத அட்டையும் இல்லையென்றால் இன்னும் குறையும்.

ஸகாத் பற்றியும் கேட்கிறார்கள். பாவனைக்குக் கட்டும் மணிக்கூட்டுக்கு ஸகாத் இல்லை. விற்பனைக்கு வைத்திருப்பவருக்கு அது வியாபாரச் சரக்கு. மணிக்கூட்டுக்கென்று சேர்த்த காசு, ஏனைய காசோடு சேர்ந்து நிஸாபை அடைந்து ஒரு வருடம் கடந்தால், மற்றக் காசைப் போலவே இரண்டரை வீதம். சீட்டில் நாம் கட்டி இன்னும் எடுக்காத தொகையை எப்படிச் சேர்ப்பது என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். ஆண்கள் தங்கத்தில் கட்டக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. தங்க முலாம் பற்றி வாங்குவதற்கு முன் கேட்பது நல்லது, வாங்கிய பின் கேட்பதைவிட.

போன மாதம் தம்பியிடம், "அடுத்தது என்ன வாங்கப் போறீங்க?" என்று விளையாட்டாகக் கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். இன்னும் மாதம் 500 ரூபா ஒரு தகர டின்னில் போட்டு வருகிறாராம். எதற்கு என்று கேட்டதற்கு, கையைத் திருப்பி மணிக்கூட்டைக் காட்டி, "இதுக்குச் சர்விஸ் வரும்தானே முதலாளி" என்றார்.