வளையியும் நான்கு புள்ளிகளும்

கணினியில் வளைந்த உருவங்களை வரையப் பயில்வோர், புள்ளிகளை மிகுத்தால் வடிவம் செம்மையுறும் என எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. முற்காலத்திற் கப்பல் வரைவோர் மெல்லிய மரச்சட்டத்தை ஈயக் குண்டுகளால் ஆங்காங்கே நிறுத்தி வளைத்தனர். குண்டுகள் குறைந்தவிடத்துச் சட்டம் தன்னியல்பாய் வளைந்தது. சில புள்ளிகளால் வளையியை ஆளும் கணித முறையை, 1959 இல் பிரான்சு நாட்டுச் சித்ரோயன் மோட்டார் வண்டி நிறுவனத்தில் போல் தெ காஸ்தல்ஜோ வகுத்தார். நிறுவனம் அதனை மறைபொருளாகக் காத்தது. ஆகவே, 1960களில் ரெனோ நிறுவனத்திலிருந்து அவ்வளையியைத் தனித்துக் கண்டு வெளியிட்ட பியர் பெசியேயின் பெயரே அதற்கு நிலைத்தது.

இனி அதன் இலக்கணத்தை நாம் நோக்குவோம். நான்கு புள்ளிகளுள் முதலும் ஈறும் வளையியின் முனைகளாம். இடையிலுள்ள இரண்டும் பொதுவாக வளையியின்மேற் கிடவா. அதனைத் தம்பால் ஈர்க்கும். முனையில் வளையி செல்லுந் திசையை அடுத்த புள்ளியே வகுக்கும். ஆதலின் இரு வளையிகள் முறிவின்றி இணைய, இணைபுள்ளியும் அதன் இருமருங்குப் புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் அமைதல் வேண்டும். புள்ளிகள் மிகின் ஒவ்வொன்றும் தன்வழி இழுக்கும், வளையி நெளியும், மெருகிட்ட வண்டிக் கதவில் விழும் ஒளியும் நெளியும். எனவே, மாணவர்காள், புதுப் புள்ளி இடுமுன் உள்ளதை நகர்த்திப் பார்மின் என்பதே யாம் வற்புறுத்துவது.