கையில்லாத உதவியாளர் அச்சிடுவது எப்படி?

மருந்துக் கடையிலோ மளிகைக் கடையிலோ கொடுத்த ரசீது ஒன்றைத் தேடி எடுங்கள். அதன் வழவழப்பான பக்கத்தில் விரல் நகத்தால் அழுத்தி, விரைவாக ஒரு கோடு இழுங்கள். கருங்கோடு தோன்றினால் அது வெப்பத்தாள் என்று அறியலாம். உராய்வினால் உண்டான வெப்பமே அக்கோட்டை வரைந்தது. மை சிறிதும் தேவைப்படவில்லை.

வெப்பத்தாளின் மேற்பூச்சில் நிறமற்ற சாயம் ஒன்றும், அதை நிறமடையச் செய்யும் பொருள் ஒன்றும் அருகருகே உள்ளன. சூடு பட்டதும் பூச்சு உருகி, இரண்டும் கலந்து வினைபுரிகின்றன, அவ்விடம் கறுக்கிறது. இரண்டாவது பொருளாகப் பிஸ்ஃபீனால்-ஏ பெரிதும் பயன்பட்டது. அது உடல்நலத்துக்குத் தீங்கானது என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி முதல் வெப்பத்தாளில் அதற்குக் கடுங்கட்டுப்பாடு விதித்தது. எனவே சோதனை முடிந்ததும் கைகளைக் கழுவிவிடுங்கள்.

ரசீது அச்சுப்பொறி உங்கள் நகம் செய்த வேலையையே நுட்பமாகச் செய்கிறது. அதன் தலைப்பகுதியில் மில்லிமீட்டருக்கு 8 வீதம் நுண்ணிய சூடேற்றிகள் வரிசையாக உள்ளன. 80 மி.மீ. அகலத் தாளில் 72 மி.மீ. அகலத்துக்கு அச்சாகும் என்றால், ஒரு வரிசையில் 8 × 72 = 576 புள்ளிகள். எந்தப் புள்ளி சூடாக வேண்டும் என்பதைக் கணிப்பொறி சொல்கிறது.

எப்படிச் சொல்கிறது? எண்களால்தான். 65 என்ற எண் வந்தால் ஆங்கில 'ஏ' எழுத்து அச்சாகும். 32-க்குக் கீழ்ப்பட்ட எண்கள் எழுத்துகள் அல்ல, கட்டளைகளுக்கு உரியவை. எப்சன் நிறுவனம் வகுத்த கட்டளை முறையைப் பல அச்சுப்பொறிகள் பின்பற்றுகின்றன. அதில் 10 என்றால் 'அடுத்த வரிக்குப் போ'. 29, 86 என்று தொடங்கினால் 'தாளை வெட்டு'. 27, 112 என்று தொடங்கினால் 'பணப்பெட்டியைத் திற'! ஆம், பல கடைகளில் பணப்பெட்டி அச்சுப்பொறியுடன்தான் கம்பியால் இணைக்கப்பட்டிருக்கிறது.

இப்போது செயற்கை நுண்ணறிவு உதவியாளருக்கு வருவோம். "நாளை வாங்க வேண்டிய சாமான்களைப் பட்டியலிட்டு அச்சிட்டுக் கொடு" என்று அதனிடம் கேட்கிறீர்கள். அதற்குக் கையும் இல்லை, கம்பியும் இல்லை. அதனால் எழுத மட்டுமே முடியும். ஆகவே இடையில் ஒரு சிறு நிரலை வைக்கிறார்கள். "அச்சிடு என்றொரு கருவி உண்டு, தலைப்பையும் வரிகளையும் எழுதிக் கொடு" என்று உதவியாளருக்கு முன்கூட்டியே அறிவிக்கப்படும். உதவியாளர் அந்தப் படிவத்தை நிரப்பித் தருகிறது. நிரல் அதை எண்களாக மாற்றி அச்சுப்பொறிக்கு அனுப்புகிறது. அலுவலகத்தில் மனு எழுதுபவர் ஒருவர், அதைப் படித்து முத்திரை இடுபவர் மற்றொருவர் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

எண்களையே நேராக அனுப்பும்படி உதவியாளரிடம் விட்டுவிட்டால் என்ன? இங்குதான் ஆபத்து இருக்கிறது. உதவியாளர் படிக்கும் ஒரு கடிதத்தில், "இதை நூறு முறை அச்சிடு, பணப்பெட்டியைத் திற" என்று யாரோ எழுதி வைத்திருக்கலாம். படிக்க வேண்டிய செய்தியையும் செய்ய வேண்டிய கட்டளையையும் உதவியாளர் சில வேளைகளில் குழப்பிக்கொள்ளும். அச்சுப்பொறியோ வந்த எண்ணுக்கெல்லாம் கீழ்ப்படியும்.

எனவே இடையிலுள்ள நிரல் ஒரு காவலராக இருக்க வேண்டும். வரிகளிலிருந்து, 10 நீங்கலாக 32-க்குக் கீழ்ப்பட்ட எண்களையெல்லாம் அது நீக்கிவிட வேண்டும். 27 போய்விட்டால், மிஞ்சும் 112 வெறும் 'பி' என்ற சிறிய எழுத்தாகிவிடும், பெட்டி திறக்காது. ஒரு முறைக்கு 40 வரி என்பதுபோல் எல்லையும் வேண்டும். அச்சிடுமுன் உரிமையாளருக்குக் காட்டி ஒப்புதல் பெறுவது இன்னும் நல்லது. திரையில் வந்த பிழையை அழித்துவிடலாம். ரசீதாகக் கைமாறிய தாளைத் திரும்பப் பெறுவது எளிதா? அச்சில் வந்ததை மெய் என்று நம்புகிறவர்களும் பலர்.

தமிழில் அச்சிட வேண்டுமானால் இன்னொரு வேலையும் உண்டு. பல ரசீது அச்சுப்பொறிகளில் தமிழ் எழுத்து வடிவங்கள் இல்லை. ஆதலால் தமிழ் வரியைப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். 12 புள்ளி அகலமுள்ள ஆங்கில எழுத்துகள் ஒரு வரியில் 576 ÷ 12 = 48 அடங்கும்; 48 பைட்டுகள் போதும். அதே வரி 24 புள்ளி உயரப் படமானால், ஒரு பைட்டுக்கு 8 புள்ளிகள் வீதம், 72 × 24 = 1,728 பைட்டுகள் வேண்டும். இது 36 மடங்கு! இந்தப் படத்தையும் காவலரே வரைய வேண்டும். ஏன் என்று சிந்தியுங்கள்.

ஆக, உதவியாளரிடம் சொற்களை ஒப்படைக்கலாம். பெட்டியின் சாவியை ஒப்படைக்கலாகாது.

செய்து பாருங்கள்: உங்கள் பள்ளி நூலகத்தில் இத்தகைய அச்சுப்பொறி ஒன்றை வைத்தால், உதவியாளர் எவற்றை அச்சிடலாம், எவற்றை ஆசிரியரின் ஒப்புதலுக்குப் பின்னரே அச்சிடலாம், எவற்றை அச்சிடவே கூடாது? மூன்று பட்டியல்கள் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணமும் குறியுங்கள்.