மலைக்கும் மருத்துவமனைக்கும் இடையில்

நம்பிக்கை: கல்வராயன் மலை மக்கள் நாட்டு வைத்தியத்தை நம்புவதால்தான் மருத்துவமனைக்குத் தாமதமாக வருகின்றனர்.

உண்மை: இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரைப் பற்றிச் (இவர்கள் கேரளத்து மலையாளிகள் அல்லர்) சமவெளியில் நிலவும் இக்கருத்து, காரணத்தைத் தவறான இடத்தில் தேடுகிறது. நோயுற்றவர் கைவைத்தியம், ஊர் வைத்தியர், மருந்துக்கடை, ஆரம்ப சுகாதார நிலையம் என ஒன்றன்பின் ஒன்றாகவும், சில வேளைகளில் ஒரே நாளிலும் நாடுகிறார். பல மருத்துவ முறைகளை இவ்வாறு சேர்த்துக் கையாள்வதை மானிடவியலார் மருத்துவப் பன்மை என்பர். சென்னையில் சுக்குக் கஷாயம் குடித்த கையோடு மாத்திரை விழுங்குபவரும் இதையே செய்கிறார் என்றாலும், அவரை எவரும் அறியாமையில் உழல்பவர் என்பதில்லை.

பேறுகால இறப்புகளை ஆராய்ந்த தாடியஸ், மெய்ன் இருவரும் 1994-இல் மூன்று தாமதங்களை வகுத்துக் காட்டினர்: சிகிச்சை பெற முடிவெடுப்பதில் ஒன்று, சென்று சேர்வதில் ஒன்று, சேர்ந்தபின் உரிய சிகிச்சை கிடைப்பதில் ஒன்று. இவற்றுள் பின்னிரண்டும் முதலாவதைத் தீர்மானிக்கின்றன. ஏனெனில், சுகாதார நிலையத்தில் அந்நேரம் மருத்துவர் இருப்பாரா, கச்சிராயபாளையம் வழியாக மலையிறங்கிக் கள்ளக்குறிச்சி செல்ல வண்டி கிடைக்குமா, வண்டி வராத ஊரிலிருந்து டோலி கட்டித் தூக்க ஆள் சேருமா என்னும் ஐயங்கள் தீராதவரை, விடியட்டும் பார்க்கலாம் என்று வீட்டார் காத்திருப்பது கணக்கறிந்த முடிவேயாகும்.

நம்பிக்கை: அரசு மருத்துவம் இலவசம் என்பதால் பணம் ஒரு தடையல்ல.

உண்மை: சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை, ஆனால் நோயாளியும் துணைக்கு வருபவரும் இழக்கும் கூலி, வழிச்செலவு, சாப்பாட்டுச் செலவு ஆகியவற்றை எந்தத் திட்டமும் முழுமையாக ஈடுசெய்வதில்லை.

நம்பிக்கை: மந்திரித்தால் பாம்பு விஷம் இறங்கும்.

உண்மை: இது மட்டும் உண்மையிலேயே உயிரைப் பறிக்கும் நம்பிக்கை. கடிப்பவற்றுள் பல நஞ்சற்றவை என்பதாலும், நச்சுப் பாம்பும் சில நேரங்களில் நஞ்சைச் செலுத்தாமல் கடிக்கும் என்பதாலும், தானாகவே பிழைத்தவர்களின் கணக்கு மந்திரிப்பவரின் பெயரில் சேர்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் முறிக்கும் மருந்து ஊசிவழியே மட்டும் செலுத்தப்படுவது.

நம்பிக்கை: மருத்துவமனை அருகில் வந்துவிட்டால் தாமதம் நீங்கிவிடும்.

உண்மை: கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது; இருந்தும், அந்நகரிலேயே உள்ள கருணாபுரத்திலும் அருகிலுள்ள ஊர்களிலும் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மெத்தனால் உடலுக்குள் மெல்ல ஃபார்மிக் அமிலமாக மாறியே கண்ணையும் உயிரையும் தாக்குவதால், அறிகுறிகள் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்துத் தோன்றுகின்றன; முறிமருந்தும் ரத்தச் சுத்திகரிப்பும் விரைந்து கிடைத்தால் பலன் தரும் என்றபோதிலும், சாதாரண வயிற்றுவலி போலத் தொடங்கும் நோயும், கள்ளச்சாராயம் குடித்ததைச் சொன்னால் காவல்துறை வரும் என்னும் அச்சமும் சேரும் இடத்தில், முதல் தாமதத்துக்கு மலைப்பாதை தேவைப்படுவதில்லை.