ரோமாபுரியின் பலிபீடங்கள் எப்படி விழுந்தன?

வேத பாடம்: 1 தெசலோனிக்கேயர் 1:9



தெசலோனிக்கே பட்டணத்தில் சிலர் விக்கிரகங்களை விட்டுத் தேவனிடம் திரும்பியதைப் பவுல் இங்கே நினைவுகூருகிறார். அதற்குப்பின் சுமார் 350 வருஷத்துக்குள் ரோம சாம்ராஜ்யமே திரும்பியது. "கான்ஸ்டன்டைன் ராஜா கிறிஸ்தவரானார், தேசமும் மாறிவிட்டது" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவ்வளவுதானா? மூன்று காரியங்களைக் கவனிப்போம்.

1. ராஜாவுக்கு முன்னே அன்பு வந்தது

கி.பி. 250-ல், எல்லாரும் ரோமத் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்ற தேசியஸ் பேரரசனின் கட்டளையால் சபை உபத்திரவப்பட்டது. மறுவருஷமே ரோமாபுரி சபையின் கண்காணி கொர்நேலியு ஒரு கடிதத்தில் கணக்குச் சொல்கிறார்: சபை போஷித்துவந்த விதவைகளும் எளியவர்களும் 1,500-க்கு மேல்! கொள்ளைநோய் பரவியபோது அலெக்சந்திரியா விசுவாசிகள் நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்து, தாங்களும் அந்த நோயிலேயே மரித்தார்கள். அன்றைக்குச் சபைக்கு அதிகாரம் ஏது? ஆனாலும் சபை வளர்ந்தது.

2. ராஜா வந்தார், கூட்டமும் வந்தது

303-ல் தியோகிளேசியன் ஆலயங்களை இடிக்கவும் வேதபுஸ்தகங்களை எரிக்கவும் உத்தரவிட்டான். பத்தே வருஷத்தில், 313-ல், கான்ஸ்டன்டைனும் லிசினியுவும் வழிபாட்டுச் சுதந்தரம் கொடுத்தார்கள். 380-ல் தியோடோசியஸ் கிறிஸ்தவ விசுவாசத்தை ராஜ்யத்தின் மதமாக்கினார். 391, 392-ல் பழைய பலிகளைச் சட்டம் போட்டுத் தடுத்தார். அந்நாட்களிலேதான் அலெக்சந்திரியாவில் செராப்பிஸ் கோவில் இடிக்கப்பட்டது. நேற்று அடி வாங்கினவர்கள் இன்று கடப்பாரை எடுத்தார்கள். இதையும் நாம் மறைக்கக்கூடாது.

பலிபீடம் போயிற்று, இருதயம் மாறிற்றா? கிறிஸ்தவப் பண்டிகைக்கு ஆலயத்தை நிரப்புகிற அதே ஜனம், அஞ்ஞானப் பண்டிகை வந்தால் நாடகசாலையையும் நிரப்புகிறதே என்று அகஸ்தீன் வருத்தத்தோடு எழுதினார். பெரிய மனுஷரின் தயவுக்காக வந்தவர்களும் உண்டு. சட்டத்தால் கூட்டத்தைக் கூட்டலாம், மறுபிறப்பைக் கொடுக்க முடியாது.

3. எதிரியே கொடுத்த சாட்சி

361 முதல் 363 வரை ஆண்ட ஜூலியன், கான்ஸ்டன்டைனின் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவனாக வளர்ந்தும், பழைய தேவர்களிடமே திரும்பிப்போனவன். கோவில்களை மறுபடியும் திறந்தான். ஆனால் ஒரு பூசாரிக்கு எழுதும்போது என்ன சொன்னான், தெரியுமா? நம் பூசாரிகள் ஏழைகளைக் கைவிட்டார்கள், அதைக் கண்ட கலிலேயர் தர்மம் செய்வதைப் பிடித்துக்கொண்டார்கள் என்றான். கலிலேயர் என்று அவன் சொன்னது கிறிஸ்தவர்களைத்தான். நம்மை வெறுத்தவனுக்கும் நம் பலம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது!

தேவ ஜனமே, எழுப்புதல் வேண்டும் என்று ஜெபிக்கிறோம். பந்தல் நிறைந்தால் சந்தோஷப்படுகிறோம், நல்லதுதான். ஆனால் நம் தெருவில் இருக்கிற விதவையின் வீட்டில் இன்றைக்கு அடுப்பு எரிந்ததா? காய்ச்சலில் கிடக்கிற பக்கத்து வீட்டாருக்குக் கஞ்சி கொண்டுபோனது யார்? நம்மைப் பிடிக்காதவர்கள் நம்மைக் குறித்து என்ன சாட்சி சொல்லுவார்கள்?

இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் இந்தக் கேள்விகளைக் கர்த்தருடைய சமுகத்தில் வைத்துப் பாருங்கள். ஆமென்.